குளோரின் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை வைட்டமின் சி

தண்ணீரிலிருக்கும் குளோரினை முறிக்கும் வித்தை வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குப் பழைய பாடம். கொளத்தூர் மீன் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் 'ஆன்டி குளோரின்' துளிகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். சில சொட்டு விட்டால் போதும், குழாய்த் தண்ணீரில் மீன் நீந்தும். மனிதத் தோலுக்கு அதே வேலையைச் செய்ய இன்னும் சாதுவான பொருள் ஒன்று உண்டு: வைட்டமின் சி. குளோரின் கலந்த தண்ணீரை ஓடையில் திறந்துவிடும் முன் அதில் வைட்டமின் சி போட்டு முறிப்பது எப்படி என்று அமெரிக்க வனத்துறை 2005-இல் ஒரு தொழில்நுட்பக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. ஓடை மீன்களுக்காகப் போட்ட அந்தக் கணக்கை என் மகளின் குளியல் வாளிக்கு இறக்கிப் பார்த்த கதை இது.

எங்கள் குடியிருப்பு சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இருக்கிறது. குடிநீர் வாரியத் தண்ணீர் கொஞ்சம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம், மீதிக்கு லாரித் தண்ணீர். எல்லாம் ஒரே சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், கலந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். மகள் நீச்சல் வகுப்பில் சேர்ந்த பிறகு காலையில் குளத்துக் குளோரின், வீடு திரும்பியதும் குழாயில் வரும் குளோரின் என்று அவளுக்கு இரட்டைக் குளியல். முழங்கை மடிப்பில் நகத்தால் இலேசாகக் கீறினாலே வெள்ளைக் கோடு விழுந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் மாலை வரை புறங்கையில் குளத்து வாடை நின்றது.

அந்த வாடைக்குக் குளோரினை மட்டும் குறை சொல்ல முடியாது. நீந்துபவர்களின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன்கள் உண்டாகின்றன. கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும் பெரும்பாலும் அவைதான். 'வாடை அடித்தால்தான் குளம் சுத்தம்' என்று சொல்பவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். தோலிலும் முடியிலும் உள்ள புரதத்தோடு குளோரின் ஒட்டிக்கொள்வதால் வெறும் தண்ணீரில் அலசினால் முழுதும் போவதில்லை. வைட்டமின் சி குளோரின், குளோரமைன் இரண்டையும் முறிக்கும் என்பதுதான் இங்கே நமக்கு வசதி.

வேதியியல் சுருக்கமானது. குளோரின் எதிரில் கிடைக்கும் பொருளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், எலக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுக்கும். கொடுத்த பிறகு அது டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது; குளோரின், சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே குளோரைடாகிவிடுகிறது. நொடிகளில் முடிந்துவிடும் வேலை. எடைக் கணக்கில் 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் வேண்டும். சோடியம் அஸ்கார்பேட் என்றால் 2.8.

பொடி வாங்கும்போது பாக்கெட்டில் 'எல்-அஸ்கார்பிக் ஆசிட்' என்று எழுதியிருக்க வேண்டும். உணவுத் தரமோ மருந்துத் தரமோ கொண்டதாகவும் இருக்க வேண்டும். மளிகைக் கடையில் 'லெமன் சால்ட்' கேட்டால் கிடைப்பது சிட்ரிக் அமிலம். அதுவும் புளிக்கும், அதுவும் வெள்ளைப் பொடிதான்; ஆனால் குளோரினை முறிக்க அதை நம்ப முடியாது. சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். அதில் சர்க்கரையும் ஆரஞ்சு நிறமும் உண்டு, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா என்று என் மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஒரு பழச்சாற்றில் உள்ள வைட்டமின் சி கொஞ்சம் குளோரினை முறிக்கத்தான் செய்யும். ஆனால் எலுமிச்சைச் சாறு, அதிலும் தோலின் எண்ணெய், உடம்பில் பட்டு மேலே வெயிலும் பட்டால் தோல் புண்ணாகிக் கறுத்துப்போகும். பதினொரு மணி வெயிலில் குளத்திலிருந்து வெளியே வரும் குழந்தைக்கு அந்த வேலை வேண்டாம்.

முதலில் எங்கள் குழாயில் எவ்வளவு குளோரின் வருகிறது என்று தெரிய வேண்டும். சுகாதார ஊழியர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பைப் போலச் சிறிய சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர், அதில் சில சொட்டு ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவம். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ குளோரினும் அவ்வளவு. பக்கத்தில் நிற அட்டையை வைத்து ஒப்பிட வேண்டும். சமையலறை டியூப்லைட் வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது, பால்கனி வெளிச்சமே நம்பகமானது. அந்தத் திரவம் கையில் படக் கூடாது, சோதித்த தண்ணீரைக் குளியல் வாளியில் கொட்டவும் கூடாது. அது உடம்புக்கு ஆகாத பொருள். லாரி வந்து போன மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு மஞ்சள் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ்.10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. எஞ்சிய குளோரின். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி உச்ச அளவு 5 மி.கி. ஆக எங்கள் தண்ணீர் ஆபத்தானது அல்ல. ஆனால் தேவைக்கு மேல் போட்டிருக்கிறார்கள்.

வைட்டமின் சி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலர் செய்வது போல, மஞ்சளாகிவிட்ட சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை பொடி போட்டால் நிறம் மாயமாக மறையும். பார்க்க அழகு, ஆனால் அது எதையும் நிரூபிக்காது. வைட்டமின் சி அந்தச் சாயத்தையே நிறமிழக்கச் செய்துவிடும். குளோரின் போனதா, சாயம் போனதா என்று தெரியாது. அதிகப்படியாகப் பொடியைப் போட்டுவிட்டுப் பிறகு சொட்டு விட்டாலும் இதே சிக்கல்.

அதனால் அளந்து போட்டுப் பார்த்தேன். நகைக்கடைப் பாணியில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வீட்டில் உண்டு. 1 கிராம் அஸ்கார்பிக் அமிலத்தை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் என்பதால் கணக்குப்படி 5 மி.லி. கரைசல் வேண்டும். மூன்று பாத்திரங்களில் ஒவ்வொரு லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். ஒன்றில் எதுவும் போடவில்லை. இரண்டாவதில் மருந்து ஊசிக் குழலால் 2.5 மி.லி., மூன்றாவதில் 5 மி.லி. கலக்கி ஒரு நிமிடம் விட்டு, மூன்றிலிருந்தும் எடுத்துச் சொட்டு விட்டேன். முதல் குழாய் அழுத்தமான மஞ்சள். இரண்டாவது அதில் பாதி, வெளிறிய மஞ்சள். மூன்றாவது நிறமே இல்லாத தெளிவு. கணக்கும் கண்ணும் ஒத்துப்போன அந்த நடுக் குழாய்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. மூன்றாவதை மட்டும் பார்த்திருந்தால் அரை மனதோடுதான் இருந்திருப்பேன்.

இனி வாளி. எங்கள் வாளி 20 லிட்டர். லிட்டருக்கு 2 மி.கி. என்றால் மொத்தம் 40 மி.கி. குளோரின், முறிக்க 100 மி.கி. வைட்டமின் சி போதும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகையே அதைவிட அதிகம், ஆகவே தராசு தேவையில்லை. பொடியை நேரடியாக வாளியில் தூவாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று. இவ்வளவு சிறிய அளவு வாளித் தண்ணீரைப் புளிப்பாக்காது, எங்கள் ஊர்த் தண்ணீரின் காரத்தன்மை அதை விழுங்கிவிடும். பொடியே இல்லாமல் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தாலும் குளோரின் பெரும்பகுதி காற்றில் போய்விடும், பாட்டி காலத்து அண்டாவில் நடந்தது அதுதான். ஆனால் குளோரமைன் போட்டுச் சுத்திகரிக்கும் ஊர்களில் அது எளிதில் போகாது. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன்தான்.

ஒரு கண்டிப்பு: இந்தப் பொடியைச் சம்ப்பிலோ மேல்நிலைத் தொட்டியிலோ போடவே கூடாது. குளோரின் அங்கே காவலுக்கு நிற்கிறது. அதை முறித்துவிட்டால் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரத் தடை இருக்காது. உடம்பில் ஊற்றப் போகும் தண்ணீரில், ஊற்றப் போகும் நேரத்தில் மட்டும் போட வேண்டும். பிளீச்சிங் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைட்டமின் சி பொடியை வைக்காமல் இருப்பதும் நல்லது. இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் சூடேறி வினைபுரியும்.

நீச்சல் குளத்துக்கு வாளி உதவாது, அதற்கு ஸ்பிரே பாட்டில். இங்கேதான் அமிலம் ஒரு பிரச்சினை. ஒரு சதவீதக் கரைசலே பி.எச். 3-க்குக் கீழே இறங்கிவிடும் (பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண்; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும்). நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. கீறலோ வெடிப்போ இருக்கும் தோலில் பி.எச். 3 சுரீரென்று எரியும். கடையில் விற்கும் நீச்சல் ஸ்பிரேக்களில் சோடியம் அஸ்கார்பேட் சேர்ப்பது இதற்காகத்தான். அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அரைத் தேக்கரண்டி அஸ்கார்பிக் அமிலம், அதாவது சுமார் 2 கிராம், 200 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்து வரும், அது கரியமில வாயு. நுரை முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திருக வேண்டும். இல்லையென்றால் பாட்டில் உப்பி, மகளின் நீச்சல் பையில் பீறிடும். பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தால் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கும். தாள் பச்சைக்குப் போனால் சோடா கூடிவிட்டது என்று பொருள்.

குழாய்த் தண்ணீரை விட்டு ஆர்.ஓ. தண்ணீரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. செம்பு, இரும்பு அணுக்கள் சிறிதளவு இருந்தாலும் வைட்டமின் சி வேகமாகக் கெடும். வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது. நல்ல கரைசல் தண்ணீர் போல நிறமற்று இருக்கும். கெடக் கெட வைக்கோல் நிறம், பிறகு தேநீர் நிறம். ஆனால் நிறம் மாறுவதற்கு முன்பே பலம் குறைய ஆரம்பித்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க மருந்துப் பெட்டியில் இருக்கும் போவிடோன் அயோடின் போதும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு அயோடின். கஷாயம் போலப் பழுப்பாகும். ஸ்பிரேயை அதில் அடிக்க அடிக்க, விழும் இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெளுத்து, சில அடிகளில் கிண்ணம் முழுக்கத் தெளிந்துவிடும். பழைய கரைசல் என்றால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பழுப்பு மசியாது. மகளுக்குக் குளத்தைவிட இந்த விளையாட்டுத்தான் அதிகம் பிடித்தது. ஒளி புகாத பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

பயன்படுத்தும் முறையிலும் வரிசை முக்கியம். குளத்தில் இறங்கும் முன்பே நல்ல தண்ணீரில் தலையோடு குளித்துவிட வேண்டும். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். வியர்வை கழுவப்படுவதால் குளத்தில் குளோரமைனும் குறையும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "வேண்டாம் மேடம், தண்ணீரின் மேல் படலம் கட்டும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்" என்றார். சரிதான். வெளியே வந்ததும் ஷவரில் அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஸ்பிரே அடித்துக் கையால் தடவி, முடிக்கும் கொஞ்சம் அடித்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அலச வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மென்மையான சோப்பு, துடைத்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் அல்லது மருத்துவர் சொன்ன க்ரீம்.

பலன் என்ன? நம்பிக்கையால் தெரிவதையும் உண்மையில் தெரிவதையும் பிரிக்க, மகளின் வலக் கையில் வைட்டமின் சி ஸ்பிரே, இடக் கையில் அதே போன்ற பாட்டிலில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். எது எதில் என்று அவளுக்குச் சொல்லவில்லை. வாடை விஷயத்தில் சந்தேகமே இல்லை: வலக் கையில் அறவே இல்லை, இடக் கையில் மாலை வரை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்த அவளுடைய அப்பாவும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். அரிப்பு வலக் கையில் குறைவு என்று அவள் சொன்னாள். ஆனால் வறட்சி? அதில் இரண்டு கைகளுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் தடவிய பிறகு இரண்டும் ஒன்றுபோல் மிருதுவாயின, தடவாத நாளில் இரண்டும் வெளிறிக் கிடந்தன.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நீண்ட நேரம் ஊறுவதும் சோப்பும் வெந்நீரும் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுகின்றன. போன எண்ணெயை வைட்டமின் சி திருப்பிக் கொடுக்காது. குளித்த தண்ணீரில் உள்ள குளோரின், கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்களின் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனைக் குறைக்கிறது என்று 2003-இல் ஜப்பானில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே குளோரினைக் குறைப்பதில் அவர்களுக்குப் பயன் இருக்கலாம். ஆனால் கரப்பானுக்கு மருந்து இதுவல்ல, தோல் மருத்துவர்தான் வழி. தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும் இதனால் குறையாது. ஓ.எம்.ஆர். ஆழ்துளைத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தோலில் மாவுபோல் படிவது கால்சியத்தின் வேலை, அதன் முன் வைட்டமின் சி கைகட்டி நிற்கும். கடின நீரை மென்னீராக்கும் இயந்திரத்தையே வீட்டில் வைத்து இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், கரப்பானுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. தண்ணீரைத் திருத்தினால் தோல் தானாகத் திருந்திவிடும் என்று விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

அந்த வகையில் ஷவர் வடிகட்டிகளும் வருகின்றன. வைட்டமின் சி அடைத்த குழல், எலுமிச்சை மணம், கண்ணைப் பறிக்கும் விலை. உறவினர் வீட்டில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கொள்கை சரிதான்: நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும் ஷவரில் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் நிமிடத்துக்கு 25 மி.கி. வைட்டமின் சி போதும். ஆனால் குழலுக்குக் கணக்குத் தெரியாது. தண்ணீர் ஓடும் வேகத்துக்கு அது கரைந்துகொண்டே இருக்கும், வெந்நீர் என்றால் இன்னும் வேகமாக. புதிதாக மாட்டியபோது தேவைக்குப் பல மடங்கு கரைத்துவிட்டு, கடைசியில் மணம் மட்டும் மிஞ்சும். குழல் தீர்ந்ததைச் சோதனைப் பெட்டி இல்லாமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாளிக் குளியல்காரர்களுக்கு ஒரு சிட்டிகை பொடியே மேல் என்பது என் கட்சி.

இதற்கிடையே, லாரி வந்தால் மட்டும் குழாயில் ஏன் 2 மி.கி. என்ற கேள்வி என்னை விடவில்லை. காவலாளி அண்ணனிடம் கேட்டேன். "லாரிக்கு ஒரு காபி டம்ளர் பவுடர் போடுவோம் அம்மா, முன்பிருந்த செயலாளர் சொன்ன அளவு" என்றார். எங்கள் லாரி 12,000 லிட்டர். லிட்டருக்கு 1 மி.கி. வேண்டுமென்றால் 12 கிராம் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு பயன்படும் குளோரின் உண்டு, ஆகவே 36 கிராம் பவுடர் போதும். தண்ணீரில் உள்ள அழுக்கு கொஞ்சம் குடித்துவிடும் என்று சேர்த்துக்கொண்டாலும் டம்ளர் அளவு அதிகம். இன்னொரு பக்கம், மூட்டையைத் திறந்தே வைத்தால் ஈரம் பட்டுப் பவுடரின் பலம் மாதா மாதம் இறங்கும். அப்போது அதே டம்ளர் போதாமலும் போகலாம். ஆகவே எந்த டம்ளரையும் நம்புவதற்கில்லை, போட்ட பிறகு அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. சங்கத்தில் பேசி, சோதனைப் பெட்டி ஒன்றைக் காவல் அறையில் வைத்தோம். பவுடரைப் பக்கெட்டில் கரைத்துத் தெளிய விட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துச் சோதிக்கிறார்கள். வீட்டுக் குழாயில் இப்போது பெரும்பாலும் 0.5 மி.கி.க்கு அருகில் நிற்கிறது.

அந்த அளவுக்கு வாளியில் பொடி போட எனக்கு அவசியம் படவில்லை, நிறுத்திவிட்டேன். நீச்சல் நாள்களுக்கு மட்டும் ஸ்பிரே தொடர்கிறது. மொத்தப் பொடியையும் ஒரே டப்பாவில் வைத்து அடிக்கடி திறந்தால் ஈரம் ஏறிக் கட்டி தட்டும். அதனால் இரண்டு இரண்டு கிராமாக நிறுத்துச் சிறு பொட்டலங்களாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பொட்டலத்துக்கு ஒரு பாட்டில். மற்றொரு வீட்டிலும் இப்போது கேட்கிறார்கள். பொட்டலத்தோடு ஒரு பி.எச். தாளையும் கொடுத்து அனுப்புகிறேன், சோடாவை அவர்கள் கை அளவில் போட்டுவிடக் கூடாதே.